கைகட்டி நிற்கும் துரை: எம்ப்ரஸ் பிளேஸ் வெண்கலச் சிலையைப் பார்ப்பது எப்படி

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் சிங்கப்பூருக்கு வந்தால் நாம் எல்லாரும் செய்வது ஒன்றுதான். சிங்கத்தலையும் மீனுடலுமான மெர்லயனிடம் கூட்டிப்போய் அது தண்ணீர் துப்புவதைக் காட்டி, அப்படியே ஆற்றோரமாக நடத்தி, வெள்ளைவெளேர் என்று நிற்கும் ஒரு சிலைக்கு முன்னால் நிறுத்தி, "1819ல் இங்கே பிரிட்டிஷ் துறைமுகத்தைத் தொடங்கிவைத்த ராஃபிள்ஸ் துரை இவர்தான், 1887ல் வைத்த சிலை" என்று சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். நானும் பத்து வருஷம் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். நான் காட்டிக்கொண்டிருந்தது 1972ல் வைத்த நகல் என்பது தெரியவந்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. அசல், அங்கிருந்து இரண்டு மூன்று நிமிட நடையில், விக்டோரியா அரங்கத்துக்கு முன்னால், கறுத்துப்போன வெண்கலத்தில் நிற்கிறது. கூட்டம் வெள்ளைச் சிலையிடம்தான், இதன் பக்கம் அவ்வளவாக யாரும் வருவதில்லை. நின்று பார்க்க நமக்கு அதுவும் வசதி.

இந்தச் சிலையை எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அப்பாயி. அவருக்கு ராஃபிள்ஸ் யாரென்று தெரியாது. சிலைக்கு முன்னால் போய் நின்று, முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு, மேலே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்யா, இந்தத் தொர யாரு முன்னாடி இப்படிக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு?"

நான் சிரித்துவிட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கோயிலில் நாம் சாமியைப் பார்க்கும்போது முதலில் கையைத்தானே பார்க்கிறோம்? அபயம் காட்டுகிறதா, மழு இருக்கிறதா, மான் இருக்கிறதா, கீழ்க்கை எங்கே தொங்குகிறது. கையை வைத்தே இது யார் என்று சொல்லிவிடுவோம். அப்பாயி அதே பழக்கத்தில்தான் இந்த வெள்ளைக்காரரையும் பார்த்திருக்கிறார். பார்க்கத் தொடங்கவேண்டிய இடம் அதுதான்.

சரி, போகும் வழி. ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றுப் பக்கம் வந்து, கேவனா பாலத்தைக் கடந்தால் எம்ப்ரஸ் பிளேஸ். காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள், காரணம் கடைசியில் சொல்கிறேன். வெயில் ஏறிவிட்டால் கறுப்புச் சிலைக்குப் பின்னால் வானம் கண்ணைக் கூசவைக்கும், போனில் எடுத்தால் முகமே தெரியாமல் நிழலுருவமாக வரும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு எடுங்கள், வானம் வெளிறிப்போனால் போகட்டும், நமக்கு வேண்டியது முகம்.

முதலில் கிட்டே போகாதீர்கள். பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று வெறுங்கண்ணால் உருவத்தை மட்டும் பாருங்கள். நின்ற கோலம், வெறுந்தலை, அந்தக் காலத்து ஐரோப்பிய உடுப்பு, கையில் வாள் இல்லை, துப்பாக்கி இல்லை. இரண்டு கையும் மார்புக்குக் குறுக்கே கட்டியிருக்கின்றன. உயரம் 8 அடி. நம் ஊர் முனீஸ்வரன் அளவுக்கு இல்லைதான், ஆனால் பீடத்தையும் சேர்த்துக்கொண்டால் யாராக இருந்தாலும் அண்ணாந்துதான் பார்க்கவேண்டும்.

இந்தக் கையில்தான் விஷயம் இருக்கிறது. நமக்குக் கைகட்டுவது அடக்கம். வாத்தியார் முன்னால் கைகட்டினோம், முதலாளி முன்னால் கைகட்டினோம், கைகட்டிச் சேவகம் செய்தான் என்று சொல்கிறோம். ராமர் செட் வெண்கலங்களில் அனுமன் வாய்பொத்தி நிற்பாரே, அதற்கு அடுத்த வீட்டு வழக்கம் இது. ஐரோப்பியச் சிலையில் இதற்குக் கிட்டத்தட்ட நேர்மாறான பொருள். நெப்போலியனை அந்தக் காலத்துப் படங்களில் இப்படிக் கைகட்டி நிற்கவைப்பார்கள். எனக்கு யாரிடமும் எதுவும் வேண்டாம், நான் யோசித்து முடித்துவிட்டேன், நடக்கவேண்டியது இனி நடக்கும் என்கிற நிலை அது. படைத்தலைவன் என்றால் வாளை உருவியிருப்பான், பேச்சாளன் என்றால் கையை நீட்டியிருப்பான். இவர் எதையும் செய்யவில்லை, யோசிக்கிறார். சண்டை போட்டு ஊரைப் பிடித்தவர் என்று காட்டாமல், முன்கூட்டியே கணக்குப் போட்டுத் துறைமுகத்துக்கு இடம் பார்த்த மூளைக்காரர் என்று காட்டவேண்டும் என்றால் இதைவிட நல்ல கை கிடைக்காது. ஆக, அப்பாயி கேட்ட கேள்விக்கு 1887ஆம் ஆண்டுக்காரர்களின் பதில், 'யார் முன்னாலும் இல்லை' என்பதுதான். அந்தப் பதிலை அப்படியே வாங்கிக்கொள்ளவேண்டுமா என்பது வேறு கதை. 1819 பிப்ரவரி 6ல் இங்கே பிரிட்டிஷார் வணிகத்தளம் அமைக்க ஒப்பந்தம் போட்டபோது எதிரே மலாய் ஆட்சியாளர்களான சுல்தான் ஹுசேனும் தெமெங்கோங் (உள்ளூர்த் தலைவர்) அப்துல் ரஹ்மானும் இருந்தார்கள். சிலையில் அவர்களுக்கு இடமில்லை.

கையைப் பார்த்தாயிற்று, இனி முகம். இதைச் செய்த தாமஸ் உல்னர் பிறந்தது 1825 டிசம்பரில். ராஃபிள்ஸ் இறந்தது 1826 ஜூலையில். அதாவது ராஃபிள்ஸ் கண்ணை மூடியபோது சிற்பி ஆறரை மாதக் கைக்குழந்தை. அவர் ராஃபிள்ஸைப் பார்த்துச் செய்திருக்க வழியே இல்லை. ராஃபிள்ஸைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிவைத்தவர் ஒருவர் இருக்கிறார், முன்ஷி அப்துல்லா. மலாய் எழுத்தாளர் என்று நாம் அறிந்த அவருடைய முன்னோர்களில் ஏமன் நாட்டு அரபும் உண்டு, நாகூர்த் தமிழ் ரத்தமும் உண்டு. ராஃபிள்ஸிடம் எழுத்தராக வேலை பார்த்தவர். தம் சுயசரிதையில் துரையின் உருவத்தை ஒரு ஓவியனைப்போல வர்ணிக்கிறார்: உயரமும் இல்லை, குட்டையும் இல்லை, அகன்ற நெற்றி, மெல்லிய உதடு, நடக்கும்போது லேசான கூன், எப்போதும் ஏதோ யோசனை. சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு இதை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். யோசனை மட்டும்தான் அப்படியே இருக்கிறது. நடுத்தர உயரத்தை 8 அடியாக்கிவிட்டார்கள், கூன் காணாமல் போய்விட்டது. சிற்பி பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். ஆளைச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை, நிறுவனரைத்தான் கேட்டார்கள்.

உல்னரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1848ல் ஓவியர்களும் எழுத்தாளர்களுமாக ஏழு இளைஞர்கள் சேர்ந்து இத்தாலிய ஓவியர் ராஃபேலுக்கு முந்தைய பாணியை விரும்பி, ராஃபேல்-முந்தையர் என்று ஒரு சகோதரக் குழு தொடங்கினார்கள், அந்த ஏழு பேரில் சிற்பி இவர் ஒருவர்தான். பிழைப்பு சரியாக ஓடாமல் 1852ல் தங்கம் தோண்ட ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் திரும்பிவந்து மறுபடி சிலை செய்யத் தொடங்கினார். சிட்னியின் ஹைட் பார்க்கில் 1879ல் வைத்த கேப்டன் குக் வெண்கலச் சிலையும் இவர் செய்ததுதான். அங்கே சொந்தங்கள் இருந்தால் போகும்போது பாருங்கள், அந்தச் சிலையில் குக் ஒரு கையை உயரத் தூக்கியிருப்பார். ஒரே சிற்பி, கடல் கடந்துபோன இரண்டு ஆங்கிலேயர்கள், ஒருவருக்குத் தூக்கிய கை, இன்னொருவருக்குக் கட்டிய கை.

இப்போது கிட்டே போகலாம். உலோகத்தைப் பாருங்கள், தொடவேண்டாம். பழைய மலாய்ப் பேச்சில் இந்தச் சிலைக்கு ஓராங் பெசி என்று பெயர், இரும்பு மனிதன். கறுப்பாக இருந்ததால் இரும்பு என்றார்கள்போல. உண்மையில் இது வெண்கலம், செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. புதிதாக வார்க்கும்போது பொன்போல மின்னும், காற்றும் மழையும் பட்டுப்பட்டுக் கறுக்கும், மழைநீர் ஓடி வடிகிற தடங்களில் பச்சை பூக்கும். வீட்டுச் செப்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுமே, அதன் உறவுதான் அந்தப் பச்சை. கோட்டு மடிப்புகளில், முழங்கைக்கு அடியில், கழுத்துப்பட்டைக்குக் கீழே எங்கெல்லாம் நிறம் மாறுகிறது என்று தேடினால் 130 வருஷத்துக்கு மேலான மழை எந்த வழியாக ஓடியிருக்கிறது என்று தெரியும். எனக்கு இதில் ஒரு பைத்தியம், கூட வருகிறவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள்.

பக்கத்திலேயே ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கிறது. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம். உள்ளே ஒரு சோழர் காலத்துச் சோமாஸ்கந்தர் உண்டு. முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். நம் ஸ்தபதிகள் மெழுகில் முழு உருவத்தையும் செய்து, மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். கன வார்ப்பு, உள்ளே வெற்றிடம் கிடையாது. மண் அச்சை உடைத்தால்தான் சாமி வெளியே வரும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பெரிய சிலைகள் பொதுவாக உள்ளே வெற்றிடம் விட்டுக் கூடாகத்தான் வார்க்கப்பட்டன, அதுவும் பகுதி பகுதியாக வார்த்து ஒட்டியவை. 8 அடி ஆளைக் கனமாக வார்த்தால் செலவும் தாங்காது, கப்பலும் தாங்காது. இன்னொரு வித்தியாசம் பார்வை. சோமாஸ்கந்தர் நம்மைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவர், கண் திறந்து பூசை ஆன பிறகுதான் அவர் சாமி. உல்னரின் துரை நம்மைக் கண்டுகொள்வதே இல்லை. நாம் அவரைப் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

கை, முகம், உலோகம் ஆயிற்று. மிச்சம் இருப்பது இடம். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், ஆனால் எல்லாரும் தாண்டிப்போய்விடுவது இதைத்தான்.

சிலையைத் திறந்த தேதி 1887 ஜூன் 27. அன்றைக்கு ராஃபிள்ஸின் பிறந்தநாளும் இல்லை, அவர் வந்திறங்கிய நாளும் இல்லை. விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழாக் கொண்டாட்ட நாள். செத்து 61 வருஷமான ஒருவருக்கு அந்த நாளில் சிலை திறந்தால் மாலை யார் கழுத்தில் விழுகிறது? ஆளுநர் ஃபிரெட்ரிக் வெல்ட் திறந்துவைத்தார். இடம் இது இல்லை, படாங் திடல், கடலைப் பார்த்தபடி. அப்போது கடல் திடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, துரை தாம் இடம் பார்த்த துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்குக் கடலை மண்போட்டுத் தள்ளித் தள்ளி எங்கேயோ கொண்டுபோய்விட்டோம்.

படாங்கில் அவருக்கு மரியாதை நீடிக்கவில்லை. பந்து விளையாடுகிற திடலில் சிலையை வைத்தால் என்ன ஆகும்? பந்து வந்து மோதும், ஆட்டம் பார்க்கிறவன் பீடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வான். எனக்கு இந்தச் சிலையின் வரலாற்றிலேயே பிடித்த பகுதி இதுதான். பேரரசின் சின்னம் என்று வைத்ததை ஊர்க்காரர்கள் திண்ணையாக்கிவிட்டார்கள். கடைசியில் 1919 பிப்ரவரி 6, ஒப்பந்தத்தின் நூறாவது ஆண்டு நாளில், இப்போதைய இடத்துக்குக் கொண்டுவந்து, பின்னால் அரைவட்டத் தூண் வரிசையும் முன்னால் ஒரு குளமும் அமைத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டு மண்டபம் கட்டியதுபோல. இப்போது அந்தத் தூண் வரிசையைத் தேடாதீர்கள், போர்க்காலத்தோடு போய்விட்டது. ஜப்பானியர் ஆண்ட 1942ல் துரையை இறக்கிக் கொண்டுபோய் அருங்காட்சியகத்துக்குள் வைத்துவிட்டார்கள். பிரிட்டிஷார் திரும்பி வந்து 1946ல் பழையபடி நிறுத்தினார்கள். அதே வெண்கலம்தான், இடத்துக்கு இடம் பொருள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. கோயிலில் இருந்தால் சாமி, கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் கலைப்பொருள் என்பது நமக்குத் தெரியாததா? அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தானில் திருடுபோன உமா பரமேஸ்வரி, கை மாறி கை மாறி இதே அரும்பொருளகத்துக்கு வந்து, 2015ல் இந்தியாவுக்குத் திரும்பிப் போனாளே.

சுதந்திரம் நெருங்கியபோது இவரை இறக்கியிருக்கலாம். பல நாடுகள் அப்படித்தான் செய்தன. ஐநா குழுவோடு வந்த டச்சுப் பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ், சிலையை அப்படியே விட்டுவிடுங்கள் என்று பிரதமர் லீ குவான் இயூவிடம் சொன்னார். முதலீட்டாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பிரிட்டிஷ் வழிவந்ததை எல்லாம் தூக்கி எறியமாட்டோம் என்பதற்கு அது அடையாளமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. ஆக மகாராணிக்காக வைத்த சிலை, தொழிற்சாலைகளுக்காக நின்றது. நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அடுத்து, எழுத்து. எந்தப் பொதுச் சிலைக்குப் போனாலும் பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட எந்தெந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். யாரைப் படிக்கச் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இங்கேயே ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பார்க்கலாம். கொஞ்சம் தள்ளி டல்ஹவுசி தூபி இருக்கிறது, 1850ல் இந்தியத் தலைமை ஆளுநர் வந்துபோனதன் நினைவு, அதில் ஆங்கிலம், சீனம், ஜாவியோடு (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) தமிழும் உண்டு. பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு வெண்கல யானை நிற்கிறது, சயாம் மன்னர் சூலலங்கோன் 1871ல் வந்துபோனதற்காகக் கொடுத்தது. அதன் பீடத்தில் சயாம், ஜாவி, சீனம், ஆங்கிலம், தமிழ் கிடையாது. இந்த யானை முதலில் நின்றது இப்போது ராஃபிள்ஸ் நிற்கிற பக்கம்தான், 1919ல் துரை வருகிறார் என்று யானையை நகர்த்தினார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் தமிழ் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று அவர்களையே தேடவிடுங்கள், அரைமணி நேரம் போனில் கை வைக்கமாட்டார்கள்.

இவ்வளவையும் பார்த்தபிறகு ஆற்றோர வெள்ளைச் சிலைக்குப் போங்கள், இந்த வரிசைதான் சரி. அது வெண்கலச் சிலையிலிருந்தே அச்செடுத்துச் செய்தது, பாலிமார்பிள் என்கிற செயற்கைச் சலவைக்கல். அதே கை, அதே முகம், அதே யோசனை, நிறம் மட்டும் வெள்ளை, பின்னணி வங்கிக் கோபுரங்கள். கறுப்புச் சிலை கொஞ்சம் கடுகடுப்பாக இருக்கும், வெள்ளை என்னமோ அஞ்சலட்டைக்கு நிற்பதுபோல இருக்கும். இதன் பீடத்தில் தமிழ் உண்டு. அப்பாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார், பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

2019ல், ராஃபிள்ஸ் வந்திறங்கியதன் இருநூறாம் ஆண்டு நினைவின்போது, டெங் காய் வெய் என்ற கலைஞர் இந்த வெள்ளைச் சிலைக்குச் சாம்பல் நிறச் சாயம் பூசி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் பின்னாலுள்ள உயரக் கட்டடத்தோடு கலந்து மறைந்துபோகும்படி செய்தார். அது முடிந்ததும் பக்கத்தில் இன்னும் நாலு பேரின் சிலைகளை நிறுத்தினார்கள்: பழங்கதையில் சிங்கப்பூரை நிறுவிய இளவரசர் சாங் நீல உத்தமா, சீன வணிகர் டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை. கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் எடுத்துவிட்டார்கள். அந்த நாட்களில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூட நாலு பேர் நின்றவுடன் அந்தக் கைகட்டின் அர்த்தமே மாறிவிட்டது. தனியாக நின்றபோது அது மேதையின் யோசனை. வரிசையில் நின்றபோது, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள்போல இருந்தார்.

நாராயண பிள்ளையை மட்டும் கொஞ்சம் தொடர்ந்து போகலாம். 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது பினாங்கிலிருந்து அவருடனேயே வந்தவர். கருவூலத்தில் காசு சரிபார்க்கிற வேலை, பிறகு செங்கல் சூளை, துணிக்கடை, கடை எரிந்து நொடித்து மறுபடி எழுந்தது என்று ஒரு வாழ்க்கை. 1827ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் அவர் முன்னின்று மரத்திலும் அத்தாப்பு ஓலையிலும் எழுப்பியதுதான் இன்றைய மாரியம்மன் கோயிலின் தொடக்கம். வெள்ளைச் சிலையிலிருந்து எல்ஜின் பாலத்தைக் கடந்து நேராக நடந்தால் கால் மணி நேரத்தில் கோயில். ஆனால் நண்பகலில் நடை சாத்தினால் மாலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். காலை ஒன்பதுக்கே கிளம்பச் சொன்னது அதனால்தான்.

நாங்கள் அன்றைக்குத் தூபி, யானை என்று சுற்றிச் சுற்றி, களிம்பு பார்க்கிறேன் பேர்வழி என்று நானும் நேரத்தைக் கடத்தி, போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கதவு சாத்தியிருந்தது. அப்பாயி தெருவோரமாகவே நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "சாயங்காலம் வரலாம்யா, இப்ப பசிக்குது" என்றார்.